பித்தளை வீட்டாரின் ஆழமானி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மார்சரம்லா பேண்டு சங்கத்தின் கூடத்தைத் திறந்த தலைவர் விட்டோரின், சுவரோரக் கண்ணாடிப் பெட்டியில் தன் முகத்தைப் பார்த்தார். நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் கண்ணாடியில் யாரும் தன் முகத்தைப் பார்த்ததில்லை. உள்ளே இருந்த பெரிய பித்தளை வட்டின் பளபளப்புதான் கண்ணில் படும். இன்றைக்கு வட்டு இல்லை. அது திருகப்பட்டிருந்த மரப்பலகையும் இல்லை.

பூட்டு உடையவில்லை. சாவி, காபி இயந்திரத்துக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும்போலத் தொங்கியது. அந்த ஆணி எங்கே இருக்கிறது என்பது மால்டாவின் இந்த மூலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

எட்டு மணிக்கு சார்ஜென்ட் கிளெமென்ட் வந்தான். எட்டேகாலுக்கு, யாரும் கூப்பிடாமலே, டோலோர் பொனாவியா வந்தார். எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி. காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், அவரைக் கண்டதும் கிளெமென்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். காணாமல்போனது அவருடைய வீட்டுப் பெயர். அதனால் வந்தார்.

இது சும்மா பேச்சுக்குச் சொன்னதல்ல. இந்தத் தீவில் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்புவார்கள். குடும்பப் பெயரைச் சொன்னால் மீதிப் பேர் திரும்புவார்கள். ஆளை அடையாளம் காட்டுவது ஊர் வைக்கும் பட்டப்பெயர் ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கவும் முடியாது, வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பொனாவியா குடும்பம் மூன்று தலைமுறையாக 'வெங்காய வீட்டார்' ஆக இருந்தது. 1971 கோடையில் டோலோரின் தம்பி வென்சு, துறைமுகத்துக்கு வெளியே போர்க்காலத்தில் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து, அது எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று காட்டும் இந்தப் பித்தளை ஆழமானியை மேலே கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவர்கள் 'பித்தளை வீட்டார்'. அவர்களுடைய தந்தை கரிஸ்து, தாம் இறப்பதற்கு முன்பே கல்தச்சனைக் கூப்பிட்டுத் தம் கல்லறைக் கல்லில் அந்தப் பெயரைச் செதுக்கச் சொன்னவர்.

விட்டோரின் சந்தேகத்தை ஒளிக்கவில்லை. அன்று வென்சுவோடு முக்குளித்த கூட்டாளி நேனு எல்லுல். அந்த வாரமே கப்பலேறி மெல்போர்ன் போனவர், இந்தத் திருவிழாவுக்குத்தான் முதல் முறையாகத் திரும்பியிருக்கிறார். புதன்கிழமை வந்தார். நேற்று மாலை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று காபி போடுகிறவரிடம் சொன்னார். திங்கள் மாலை அவருக்கு விமானம்.

"இத்தனை வருஷமா இங்கயே கிடந்த பொருள், அவர் வந்த மூணாம் நாள் காணோம்" என்றார் விட்டோரின். "கண்ணாடி முழுக்க அவர் கைரேகைதான். இன்னும் என்ன வேணும்?"

"பொருள் வேணும்" என்றார் டோலோர்.

அன்று மாலை சதுக்கத்து மேடையில் பழைய நண்பர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவே ஆழமானியை வைத்துக்கொண்டு, அந்த முக்குளிப்பின் கதையைச் சொல்வதாக இருந்தது. விட்டோரின் வாசலுக்குப் போய், சுவரொட்டியின் குறுக்கே 'ரத்து' என்று ஒரு தாளை ஒட்டினார். டோலோர் அதை நின்று பார்த்தார். பிறகு நேனுவைத் தேடிப் போனார்.

நேனு கடலைப் பார்த்த ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார். கேட்கும் முன்பே பெட்டியைத் திறந்து கட்டிலில் கவிழ்த்துக் காட்டினார். சட்டைகள், மாத்திரைகள், பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய திருவிழா மிட்டாய். இடது கையின் சதைப்பகுதியில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பழைய தழும்பு.

"கண்ணாடியைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"பூட்டைத் திறந்தீங்களா?"

"இல்ல."

"அந்த ஆழமானி யாரோடது?"

"சங்கத்தோடது."

"அதுக்கு முன்னால?"

"கிழவியோடது" என்றார் நேனு. ஊர் அந்த நீர்மூழ்கியை அப்படித்தான் சொல்லும். கரைக்கு அருகில் கண்ணிவெடி பட்டு மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவர்களுக்குக் கம்பளி கொடுத்தவர்கள் ஊர்ப் பெண்கள். அதனால் கிழவியைப் பற்றிப் பேசும்போது இங்கே யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

அது மேலே வந்த விதத்தைச் சொல்லும்படி டோலோர் கேட்டார். நேனு கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

அன்று காற்றில்லை. கரிஸ்து படகில் இருந்தார். நங்கூரக் கயிறு கிழவியின் முதுகுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. சிலிண்டர்கள் இரண்டும் அவர் வேலைபார்த்த கப்பல் பட்டறையில் இரவல் வாங்கியவை. ஒரே அளவு, ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் நிரப்பியவை. நேனு கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். முதலில் கீழே ஒன்றுமில்லை, வெறும் நீலம். பிறகு நீலத்துக்குள் ஒரு கறுப்புக் கோடு. கோடு தடித்துத் தடித்து, திடீரென்று அது ஒரு கப்பலாக நின்றது. முப்பத்தெட்டு மீட்டர். விளக்கு கிடையாது. மேலிருந்து வந்த வெளிச்சம் மழைநாள் மாலையில் கோயிலுக்குள் இருக்கும் அளவுக்கு இருந்தது. கப்பலின் முதுகிலிருந்த கண்காணிப்புக் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் ஏணியில் ஒரு கணவாய் மீன் முட்டையிட்டிருந்தது.

"அது என்னைப் பார்த்துது. வீட்டுக்காரி வாசல்ல நின்னு, யாருப்பா நீங்கற மாதிரி" என்றார்.

வெடி கிழித்த ஓட்டை விலாவில் இருந்தது. உள்ளே எட்டிப்பார்த்தால் கைக்கு எட்டும் தூரத்தில் ஆழமானி. நான்கு ஆணியில் மூன்று ஏற்கெனவே அரித்துப் போயிருந்தன. நான்காவதை நெம்பும்போது கை வழுக்கி, கிழிந்த இரும்பில் பட்டுத் திறந்துகொண்டது.

"வலியே தெரியல. ரத்தம் பச்சையா வந்துது, அக்கா. புகை மாதிரி, பச்சைப் புகை. எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்த ஆழத்துல காத்து தலைக்கு ஏறும், ஒயின் குடிச்ச மாதிரி இருக்கும். சரி, ஏறிடுச்சுன்னு நெனச்சேன். அங்கேயே உக்காந்துடலாம்போல இருந்துது. ஊசி எங்க நிக்குதுன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"ஊசி எங்க நின்னுது?"

"பூஜ்யத்துல. தண்ணி மட்டத்துல இருக்கறதா நெனச்சுட்டு இருந்துது, பாவம்."

மேலே வரும் வழியில், உடம்பில் ஏறிய காற்று இறங்குவதற்காக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். அங்கே வரும்போது அவருடைய சிலிண்டர் தீர்ந்தது. வென்சுவின் வாய்க்குழாயை மாற்றி மாற்றி இழுத்துக் கால் மணி நேரம் நின்றார்கள். கையில் பலமில்லாததால் ஆழமானியை வென்சுவிடம் கொடுத்தார். வென்சு அதைப் படகுக்குள் தூக்கினார்.

"உங்க தம்பி இல்லேன்னா நான் அன்னிக்கே இல்ல. அவ்வளவுதான் கதை."

அவ்வளவுதான் இல்லை என்று டோலோருக்குத் தோன்றியது. நேனு யோசித்து யோசித்து வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்த விதம் அவருக்குப் பழக்கமானது. பொய் சொல்லாமல் இருக்கப் பாடுபடுகிறவர்கள் அப்படிப் பேசுவார்கள்.

வென்சு படகுக்கொட்டிலில் இருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் தோள்கள் அகன்ற மனிதர். திருவிழாப் பவனியில் ஊர்ப் புனிதர் சந்தியாகப்பரின் சுரூபத்தைத் தோளில் சுமக்கும் எண்மருக்கு அவர்தான் தலைவர். நேற்று மாலை கோயில் பின்னறையில் சுரூபத்தைத் தூக்கும் தண்டுகளையும் பீடத்தையும் சரிபார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து படுத்ததாகச் சொன்னார். நேனு எடுத்திருப்பாரா என்று டோலோர் கேட்டபோது முகம் சிவந்தது.

"நேனுவா? புத்தி இருக்கா அந்த விட்டோரினுக்கு? அவன் எடுக்கல."

"பின்ன யாரு?"

"யாரோ விளையாட்டுக்கு எடுத்திருப்பான். திருவிழா முடிஞ்சதும் தானா வந்துடும், பாருங்க."

முக்குளித்த கதையை அவரிடமும் கேட்டார் டோலோர். அதைப் பிறந்தநாள்களிலும் திருமணங்களிலும் நூறு முறை கேட்டிருக்கிறார். வென்சு அதே வார்த்தைகளில் சொன்னார்: இருவரும் தோளோடு தோள் இறங்கினோம், நேனு பிடித்துக்கொண்டான், நான் நெம்பினேன், ஆணி தெறித்தது. மூடிய கண்ணோடு ஜெபமாலை சொல்வதுபோலத் தங்குதடையில்லாமல் வந்தது. ஓரிடத்தில் மட்டும் குரல் மாறியது.

"அவன் கை கிழிஞ்சுது. ரத்தம் செக்கச்செவேல்னு கிளம்பி என் முகத்துக்கு நேரா வந்துது. சிவப்புப் புகை. என் கண்ணாடிக்கு முன்னால சுழண்டு சுழண்டு… என் கழுத்துத் துணியை அவுத்துக் கட்டினேன். இப்பவும் கனவுல வரும்."

அந்த நேரத்தில் அவர் கதை சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். டோலோருக்கு அது தெரிந்தது. ஒருவர் பச்சை என்கிறார், ஒருவர் சிவப்பு என்கிறார். பச்சை என்றவர் தமக்குப் போதை என்று தாமே சொல்லிவிட்டார். ஆகவே சிவப்புதான் சரியாக இருக்க வேண்டும். ஆயினும் அந்த நிறம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது.

நேனு படகோ முக்குளிக்கும் சாமானோ வாடகைக்குக் கேட்டாரா என்று விசாரிக்க, துறைமுகத்து முக்குளிப்புக் கடைக்குப் போனார். கடைக்கார மார்த்தெஸ், கேட்கவில்லை என்றாள். அவளிடம் ஒரு ஜெர்மன்காரர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டு கிழவியின் கோபுரத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டாராம். படத்தில் உடை சாணிக் கறுப்பாக விழுந்திருக்கிறது. கேமரா கெட்டுப்போனது என்கிறார்.

"கேமராவைக் குத்தம் சொல்லாதீங்க. விளக்கை மேலயே விட்டுட்டுப் போனா அப்படித்தான் விழும்" என்றாள் மார்த்தெஸ்.

டோலோர் வாசல்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு நன்றி சொல்லிவிட்டு நடந்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

கிளெமென்ட் ஒன்பது வீடுகளையும் நான்கு படகுகளையும் கொட்டில்களையும் சோதனை போட்டான். பன்னிரண்டு கிலோ பித்தளை, பலகையோடு. எங்குமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேனு வந்தபோது அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

அன்று மாலை பவனி துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. டோலோர் தம் மாடத்தில், சிவப்புப் பட்டுத் துணி தொங்கவிட்ட கம்பியைப் பிடித்தபடி நேராக நின்றார். முன் வலது தண்டு பொனாவியாக்களின் இடம். அவர் பாட்டன் அங்கே சுமந்தார், தந்தை சுமந்தார், முப்பது வருஷமாக வென்சு சுமக்கிறார். அந்த இடத்துக்காக இந்த ஊரில் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

முன் வலது தண்டின் கீழ் மீன்கடைச் சென்சு வந்தான்.

டோலோர் கம்பியை இறுகப் பிடித்தார். வென்சு பின்னால், இடது மூலையில், நெற்றி நரம்பு புடைக்க நடந்துகொண்டிருந்தார். சந்தியாகப்பர் அந்தப் பக்கமாகச் சற்றே சாய்ந்து வந்தார்.

கோயில் வாசலில் சுரூபத்தை இறக்கியபின் டோலோர் தம்பியிடம் கேட்டார். தோள்வலி, பின்னால் போனால் சுலபம் என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். சென்சு தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தான். எதிர்பாராமல் கிடைத்த கௌரவத்தில் அவனுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"வென்சு அண்ணன்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, நீ முன்னால போடான்னாரு. எனக்கு நம்பவே முடியல. ஆனா சாமி இந்த வருஷம் நல்லா சாப்பிட்டிருக்காரு, அக்கா. பின்னால இடது பக்கம் ஒரே கனம். ஏத்தத்துல அண்ணன் முனகினது எனக்கு முன்னால வரை கேட்டுது."

டோலோர் வீட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காததுபோல இருந்துவிடவும் வழி இருந்தது. பொருள் கையில் சிக்காமல் கிளெமென்ட் யாரையும் பிடித்துவைக்க முடியாது. நேனு நாளை விமானம் ஏறுவார். ஒரு வாரத்தில் ஆழமானி எங்கிருந்தோ கிடைக்கும். பித்தளை வீட்டார் பித்தளை வீட்டாராகவே இருப்பார்கள். கெட்டுப்போவது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் உலகத்தின் மறுமுனையில் இருப்பார்.

காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். தந்தையின் கல்லைத் துடைத்தார். இரண்டு வரிசை தள்ளி நேனுவின் தாயின் கல்; அதன் மேல் வாடாத பூக்கள். பூக்களை வைத்தது யாரென்று ஊருக்கே தெரியும். திருடன் வைத்த பூ என்று இனி வருஷக்கணக்கில் சொல்வார்கள். டோலோர் அங்கிருந்து நேரே கோயிலுக்கு நடந்தார்.

திங்கள் காலை பத்து மணிக்குக் கோயில் பின்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள்: விட்டோரின், கிளெமென்ட், பெட்டியோடு வந்த நேனு, வென்சு, டோலோர். நடுவில் சந்தியாகப்பர், பட்டு தொங்கும் பீடத்தோடு.

"எடுத்தது என் தம்பி" என்றார் டோலோர்.

விட்டோரின் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

நீங்கள் எல்லோரும் எது போயிற்று என்று பார்த்தீர்கள், என்றார் டோலோர். அது போனதால் எது நின்றுபோயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. நின்றுபோனது மேடை. இரண்டு பேர் ஒரே கதையை ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கண்டு பயப்பட வேண்டியவர் அந்த இருவரில் ஒருவர்தான். யார் என்பது இரண்டு கதைகளிலும் இருந்தது.

"நேனு, உங்க ரத்தம் பச்சையாத்தான் இருந்துது. உங்களுக்குப் போதை இல்ல. தண்ணி மொதல்ல குடிக்கிறது சிவப்பைத்தான். முப்பத்தெட்டு மீட்டர்ல விளக்கு இல்லாம யாரும் சிவப்பைப் பார்க்க முடியாது. அந்த ஜெர்மன்காரர் உடை கறுப்பா விழுந்ததும் அதனாலதான்." தம்பியைப் பார்க்காமல் தொடர்ந்தார். "வென்சுவும் பொய் சொல்லல. அவன் சொன்ன கதையிலயே அது ஒண்ணுதான் நிஜம். அவன் சிவப்பைப் பார்த்தான். மேல, வெளிச்சத்துல, காத்து இறங்க நிக்கிற இடத்துல பார்த்தான். கீழே போனவன் பச்சையைப் பார்த்திருப்பான்."

அதற்குமேல் சிலிண்டர். ஒரே அளவு, ஒரே நாளில் நிரப்பியது. இரண்டு பேரும் ஒன்றாக இறங்கி ஒன்றாக உழைத்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தீர்ந்திருக்கும். நேனுவுடையது காலி, வென்சுவுடையது இரண்டு பேருக்குக் கால் மணி நேரம் காணுமளவுக்கு நிறைய. இறங்காதவனிடம்தான் அவ்வளவு மிஞ்சும்.

கிளெமென்ட் மெதுவாகக் கேட்டான்: "பொருள், மேடம்?"

"கோயிலைத் தவிர எல்லா இடத்தையும் தேடினே. சாமி இருக்கற பீடத்துல கைவைக்க உனக்கும் மனசு வராது, எனக்கும் வராது. அதைத் தெரிஞ்சவன் வச்சது. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டான்." இப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "தோள்வலிக்காரன் பின்னால போகமாட்டான். துறைமுகத்துலேர்ந்து கோயில் வரை ஏத்தம். ஏத்தத்துல பாரமெல்லாம் பின்னாலதான். பித்தளையை எந்த மூலையில வச்சானோ, அந்த மூலைக்கே தானும் போய் நின்னான். தான் வச்ச பாரத்தை இன்னொருத்தன் சுமக்க மனசு வரல. அதுக்காகப் பாட்டன் இடத்தையே விட்டுக்கொடுத்தான். பொனாவியா ஒருத்தன் அந்த இடத்தைக் காரணமில்லாம விடமாட்டான்."

வென்சு எழுந்தார். பீடத்தின் பின் இடது மூலையில் பட்டுத் துணியை விலக்கி, தண்டு சொருகும் குழிவுக்குள் கைவிட்டு, கோணியில் சுற்றிய பலகையை வெளியே இழுத்தார். மேசைமேல் வைத்தார். ஊசி பூஜ்யத்தில் நின்றிருந்தது.

"நேனு போனதும் திரும்ப வச்சிடலாம்னு இருந்தேன்" என்றார். "அவன் மேல பழி வரும்னு சத்தியமா நெனக்கல. வந்ததும் சொல்லியிருக்கணும். வாய் வரல."

"காது வலிச்சுதா அன்னிக்கு?" டோலோர் கேட்டார். காது வலித்தால் யாராலும் மேற்கொண்டு கீழே இறங்க முடியாது; அது கேள்வியல்ல, அவர் தம்பிக்கு நீட்டிய ஒரு கை.

வென்சு அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"காதுல ஒண்ணுமில்ல, அக்கா. கீழ அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தேன். கை கயித்தை விடல. மேல வந்ததும் அப்பா என் கையில அதைப் பார்த்தார். 'நீயாடா எடுத்தே?'ன்னார். அவர் முகத்தை நீங்க பார்க்கல. இல்லேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

விட்டோரின் தொண்டையைச் செருமினார். நல்ல மனசுக்காரர்தான். இது இந்த அறையைத் தாண்ட வேண்டாம், சுத்தம் செய்வதற்காகத் தானே எடுத்துவைத்துவிட்டு மறந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். நேனு பெயரும் தப்பும், உங்கள் வீட்டுப் பெயரும் தப்பும்.

"என் வீட்டுப் பேரை நீங்க பொத்தி வைக்க வேண்டாம், விட்டோரின்" என்றார் டோலோர். "பொத்தி வைக்கற அளவுக்கு அது இன்னும் கெடல."

நேனு ஆழமானியின் கண்ணாடியைத் தழும்புள்ள கையால் துடைத்தார்.

"நாப்பத்தஞ்சு வருஷம் நான் ஏன் வாயைத் திறக்கலன்னு யாரும் கேக்கல" என்றார். "அக்கா கணக்கு சரி, கடைசி வரி ஒண்ணு விட்டுப்போச்சு. இவனும் தைரியமா எங்கூடக் கீழ வந்திருந்தா, இவன் சிலிண்டரும் காலியாத்தான் இருந்திருக்கும். கயித்துல நிக்கறப்ப ரெண்டு பேருக்கும் காத்து இருந்திருக்காது. இவன் பயந்ததாலதான் நான் இருக்கேன். இதை எப்படிடா ஊர்ல சொல்றது, உனக்குப் பெருமையாவும் இல்லாம, சிறுமையாவும் இல்லாமன்னு யோசிச்சேன். யோசிக்கிறதுக்குள்ள வயசாயிடுச்சு."

வென்சு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நடந்தபடியே சொல்லலாம்" என்றார் டோலோர். "மேடை இன்னும் பிரிக்கலயே."

பன்னிரண்டு மணிக்கு, மேடைக்காரர்கள் கம்பி அவிழ்ப்பதைச் சற்று நிறுத்திக்கொள்ள, இரண்டு கிழவர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கூட்டமென்று பெரிதாக இல்லை. மீன் வாங்க வந்தவர்கள், காபி குடிக்க வந்தவர்கள். வென்சுதான் முதலில் பேசினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையை அவர் அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை, அதனால் நிறையத் தடுமாறினார். பிறகு கணவாயின் கதையை நேனு சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். டோலோர் முன்வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல், கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நேனுவை விமான நிலையத்துக்கு வென்சு கொண்டுபோய் விட்டார். சங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் புதிய அட்டை வந்தது: எடுத்தவர் நேனு எல்லுல், கயிற்றைப் பிடித்திருந்தவர் வென்சு பொனாவியா.

கல்லறைக் கல்லை டோலோர் மாற்றவில்லை. தந்தை நம்பியதை நம்பியபடியே அவர் உறங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன்கடையில் கூட்டம் இருந்தது. சென்சு தராசுக்கு மேலாக எட்டிப் பார்த்து, முறை யாருடையது என்று கூப்பிட்டான்.

"அடுத்தது யாரு? கயித்து வீட்டக்கா, உங்களுக்கு என்ன?"

கூட்டம் சட்டென்று அடங்கியது. சென்சுவுக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது உறைத்தது. கையில் பிடித்த மீனோடு அப்படியே நின்றான்.

டோலோர் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒரு கிலோ" என்றார். "தலையை வெட்டாதே. என் தம்பிக்குத் தலைதான் பிடிக்கும்."